ஹகாதா ஸ்டேஷனைச் சுற்றி ஒரு மதியமும் ஒரு ராத்திரியும்: எங்கே நடக்கலாம், என்ன சாப்பிடலாம்?

மடிப்பாக்கம் ரவி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. ஜப்பான் பயணத்தின் கடைசியில் ஹிரோஷிமாவிலிருந்து ஷின்கான்சென் (புல்லட் ரயில்) பிடித்து ஹகாதாவில் இறங்குகிறோம். மதியம் 1 மணி வாக்கில் வந்துவிடுவோம். மறுநாள் காலை ஃபுகுவோகா விமான நிலையத்திலிருந்து கிளம்ப வேண்டும். ஹோட்டல் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே போட்டாகிவிட்டது.

ஆபீஸில் ஜப்பான் போய்வந்த ஒருவர், "அந்த ஊரில் ராமென் நூடுல்ஸை விட்டால் ஒன்றுமில்லை. ஸ்டேஷனுக்கு வெளியே வந்தால் வரிசையாக பேங்கும் ஆபீஸும்தான். பேசாமல் ஹிரோஷிமாவிலேயே இன்னொரு நாள் இருந்துவிடுங்கள்" என்கிறார். நிஜமா?

நான் எதையும் சாப்பிடுவேன். மனைவி சைவம், முட்டை, பால் பரவாயில்லை. பையனுக்கு 9 வயசு, ரயில் பைத்தியம். போவது மே மாதம். தஸாய்ஃபு என்று ஒரு கோயில் ஊர் பக்கத்தில் இருப்பதாகவும் படித்தேன். அங்கே ஓடுவதா, ஸ்டேஷனைச் சுற்றியே இருப்பதா?

கியூஷுக்காரன் எழுதியது:

ரவி சார், உங்கள் நண்பர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அவர் ஸ்டேஷன் வாசலோடு திரும்பிவிட்டார்.

ஹகாதா ஸ்டேஷன் முதலில் இந்த இடத்திலேயே இல்லை. 1889இல் திறந்த பழைய ஸ்டேஷன் ஏறக்குறைய 600 மீட்டர் வடமேற்கே, இன்றைய கியோன் மெட்ரோ பக்கத்தில், பழைய ஊரை ஒட்டி இருந்தது. இடம் போதவில்லை என்று 1963இல் தென்கிழக்கே தள்ளிக் கட்டினார்கள். அன்றைக்கு இங்கே பெரும்பாலும் வயல்தான். அப்புறம் அந்த வெட்டவெளியில் எழுந்தவைதான் இந்த பேங்குகளும் ஆபீஸ்களும். அதனால் வாசலில் நின்று பார்த்தால் அறுபது வயசு ஊர்தான் கண்ணில் படும். எண்ணூறு வருஷத்து ஊர் பத்து நிமிஷ நடையில் இருக்கிறது, அது வாசலிலிருந்து தெரியாது, அவ்வளவுதான்.

முதலில் எந்தப் பக்கம் வெளியே வருவது என்று பாருங்கள். ஷின்கான்சென்னில் இறங்கிக் கூட்டத்தோடு போனால் கிழக்கே சிகுஷி வாசலில் கொண்டுபோய் விட்டுவிடும். உங்களுக்கு வேண்டியது மேற்கே ஹகாதா வாசல். கட்டட முகப்பில் பெரிய கடிகாரம் இருக்கும் பக்கம். அங்கிருந்து தைஹாகு என்ற அகலச் சாலையைப் பிடித்து நேராக நடங்கள்.

முதலில் வலது பக்கம் ஜோதென்ஜி. 1242இல் நிறுவிய ஜென் கோயில். மரத்தில் ஒரு பெரிய வாயில் தெருவின் குறுக்கே நிற்கும். அது 2014இல் வைத்ததுதான், பழசு என்று நினைத்துவிடாதீர்கள். கோயில் வளாகத்தையே ஒரு சாலை இரண்டாகப் பிரித்துக்கொண்டு போகும். உள்ளே கல்வெட்டு மாதிரி நட்டுவைத்த கற்களில் ஒன்று, "உதோனும் சோபாவும் பிறந்த இடம்" என்கிறது. இரண்டும் நூடுல்ஸ் வகைகள். கோயிலை நிறுவிய என்னி என்ற துறவி 1241இல் சீனாவிலிருந்து திரும்பியபோது தண்ணீரில் ஓடும் மாவு ஆலையின் வரைபடத்தைக் கொண்டுவந்தார், அதன் வழியாகத்தான் மாவுப் பண்டம் இங்கே பரவியது என்று சொல்வார்கள். கோயில் கட்டப் பணம் கொடுத்தவர் ஹகாதாவில் குடியிருந்த ஒரு சீன வணிகர். துறைமுக ஊர் அல்லவா, அப்படித்தான் நடக்கும்.

இன்னும் கொஞ்சம் நடந்தால் தோச்சோஜி. சிவப்புக் கோபுரம் தெருவிலிருந்தே தெரியும். மாடியில் 10.8 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்த நிலையில் மரப் புத்தர், 1992இல் முடித்தது. படம் எடுக்கக் கூடாது. புத்தரின் பீடத்துக்குக் கீழே ஒரு வழி போகும், விட்டுவிடாதீர்கள். முதலில் நரகக் காட்சிகள் வரிசையாக, வண்ணத்தில். அப்புறம் திடீரென்று இருட்டு. மங்கல் வெளிச்சம்கூடக் கிடையாது, கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். சுவரிலுள்ள கைப்பிடியைத் தடவிக்கொண்டே வளைந்து போக வேண்டும். பையன் ரொம்ப ரசிப்பான், இல்லை என்றால் உங்கள் சட்டையைக் கிழிப்பான்.

அதற்குப் பின்னால் ஷோஃபுகுஜி. 1195இல் எய்சாய் நிறுவியது, ஜப்பானின் முதல் ஜென் கோயில். தேயிலையை இங்கே பரப்பியவரும் அவர்தான். கட்டடங்களுக்குள் விடமாட்டார்கள். ஆனால் உள்ளே பைன் மரத்தடியில் நடந்தால் கூட்டமே இருக்காது.

அங்கிருந்து சாலையைக் கடந்தால் குஷிதா ஷின்டோ கோயில், அதை ஒட்டி கவாபாதா கடைத்தெரு, அதன் முடிவில் ஆறு. நின்று பார்த்துப் போனாலும் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். திரும்ப நடக்க வேண்டாம், நகாசு-கவாபாதாவில் மெட்ரோ ஏறினால் இரண்டாவது நிறுத்தம் ஹகாதா.

வெட்டிப்பேச்சு எழுதியது:

முதல் ஜென் கோயிலா? அப்படியானால் நம்ம காஞ்சிபுரத்துப் போதிதர்மர் போட்ட விதைதானே இது! யாரும் சொல்லவில்லையே என்று பார்த்தேன்.

நெறியாளர் எழுதியது:

போதிதர்மர் தென்னிந்தியாவிலிருந்து போனவர் என்பது பழைய மரபு. காஞ்சிபுரமா, பல்லவரா என்ற சண்டைக்குத் தனி இழை இருக்கிறது, நாற்பது பக்கம் ஓடிவிட்டது. அங்கே போய்த் தொடருங்கள். இங்கே ஹகாதா மட்டும்.

தண்டவாளம் எழுதியது:

ஒரு சின்ன எச்சரிக்கை. டிக்கெட் எடுக்கும்போது "ஃபுகுவோகா ஸ்டேஷன்" என்று தேடாதீர்கள். நகரத்தின் பெயர் ஃபுகுவோகா, ஷின்கான்சென் ஸ்டேஷன் பெயர் ஹகாதா. ஆற்றுக்கு இந்தப்பக்கம் வணிகர் ஊர் ஹகாதா, அந்தப்பக்கம் சாமுராய் ஊர் ஃபுகுவோகா. 1890இல் நகரத்தின் பெயரை ஹகாதா என்று மாற்றலாமா என்று நகர சபையில் ஓட்டெடுத்தார்கள். 13க்கு 13. தலைவர் தன் ஓட்டைப் போட்டு ஃபுகுவோகாவையே நிறுத்திவிட்டார். ஸ்டேஷன் மட்டும் ஹகாதாவாக நிலைத்தது. தென்ஜினில் நிஷிதெத்சு கம்பெனிக்கு ஃபுகுவோகா என்றே ஒரு ஸ்டேஷன் இருக்கிறது, அது வேறு ரயில், வேறு இடம்.

இப்போது பையன் விஷயம். ஸ்டேஷன் கட்டடத்தின் மொட்டைமாடிக்குப் போங்கள். கட்டணம் இல்லை. மேலிருந்து தண்டவாளங்கள் மொத்தமும் தெரியும், ஷின்கான்சென் வந்து போவதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். சின்னப் பிள்ளைகள் ஏறும் குட்டி ரயில் ஒன்றும், ரயில் பயணம் நல்லபடியாக அமைய வேண்டிக்கொள்ள ஒரு குட்டி ஷின்டோ கோயிலும் அங்கேயே இருக்கின்றன. ரயிலுக்கென்று தனிச் சாமி வைத்திருக்கிற ஊர் சார்!

அடுத்தது, ஷின்கான்சென்னில் உள்ளூர் பஸ் கணக்கில் ஒரு சவாரி. ஹகாதாவில் ஆளை இறக்கிய ஷின்கான்சென்கள் தெற்கே பணிமனைக்குக் காலியாகப் போய்க்கொண்டிருந்தன. பணிமனைப் பக்கத்து ஜனங்கள், காலியாகத்தானே போகிறது, எங்களையும் ஏற்றுங்கள் என்று கேட்டார்கள். 1990 ஏப்ரலில் ஹகாதா-மினாமி வரை பயணிகளை ஏற்ற ஆரம்பித்தார்கள். 8.5 கிலோமீட்டர், பத்து நிமிஷம், 300 யென் சொச்சம். காலையில் ஆபீஸ் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் ஷின்கான்சென் சீட்டில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வருவதை வேறு எங்கும் பார்க்க முடியாது. அந்தப் பக்கம் இறங்கிச் சுற்றிப் பார்க்க ஒன்றுமில்லை. மேம்பாலத்தில் நின்று பணிமனையை எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த வண்டியில் திரும்பிவிடுங்கள். இடைவெளி அதிகம், நேரம் பார்த்துப் போங்கள்.

சாதாரண ரயில் நடைமேடைக்கும் நுழைவுச் சீட்டு எடுத்து ஒரு நடை போய் வரலாம். பச்சை நிற யுஃபுயின் நோ மோரி ரயில் இங்கிருந்துதான் கிளம்பும். சோனிக் வண்டியின் நீல முகத்தைப் பார்த்தால் பையன் நகரமாட்டான். கியூஷு ரயில்களில் பாதிக்கு மேல் மிதோகா எய்ஜி என்ற ஒரே வடிவமைப்பாளரின் கை பட்டவை என்பதால் ஒவ்வொன்றும் பொம்மைக் கடையிலிருந்து இறங்கிவந்த மாதிரி இருக்கும்.

கொத்து பரோட்டா எழுதியது:

கோயிலும் ரயிலும் இருக்கட்டும், சாப்பாட்டுக்கு வருவோம்.

ஹகாதா என்றால் தொன்கொத்சு ராமென். பன்றி எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவிட்டு, பால் மாதிரி வெளுத்த குழம்பு. இதன் பூர்வீகம் ஹகாதா இல்லை, பக்கத்து ஊர் குருமே. 1937இல் அங்கே ஒரு தள்ளுவண்டிக் கடையில் ஆரம்பித்தது என்பார்கள். ஹகாதா, நாகஹாமா பக்கம் வந்தபோது நூடுல்ஸ் நூலாக மெலிந்துவிட்டது. காரணம் நாகஹாமா மீன் சந்தை. ஏலத்துக்கு நடுவில் ஓடிவரும் ஆட்களுக்குச் சட்டென்று வெந்து கைக்கு வர வேண்டும். மெலிந்த நூடுல்ஸ் குழம்பில் கிடந்தால் சீக்கிரம் ஊறிப்போகும், அதனால் முதலில் கொஞ்சமாகப் போட்டு, தீர்ந்ததும் இன்னொரு பிடி. அதற்குப் பெயர் கயேதாமா.

இதில்தான் வெளியூர்க்காரர்கள் கோட்டை விடுவார்கள். முதல் சுற்றிலேயே குழம்பைக் குடித்துவிட்டால் இரண்டாவது நூடுல்ஸை எதில் போடுவது? நாலு வாய் நூடுல்ஸ் மிச்சம் இருக்கும்போதே "கயேதாமா, பாரிகாதா" என்று குரல் கொடுங்கள். பாரிகாதா என்றால் கடிக்கிற பதத்தில் விறைப்பாக. ஒரு நிமிஷம்கூட ஆகாது, சின்னத் தட்டில் வெறும் நூடுல்ஸ் வந்துவிடும், ஆவி பறக்க, குழம்பே இல்லாமல். கிண்ணத்தில் கவிழ்த்துக் கிளற வேண்டும். அதற்குள் குழம்பு நீர்த்திருக்கும், மேசையில் இருக்கும் சிறு கெண்டியில் உப்புச்சாறு இருக்கும், இரண்டு சொட்டு விடுங்கள். பக்கத்து டப்பாவில் காரமாக வதக்கிய தகானாக் கீரை இருக்கும். குழம்பை ஒரு வாய் குடித்துப் பார்க்காமல் எடுத்த எடுப்பில் அதை அள்ளிப் போட்டால் சில கடைக்காரர்களுக்கு முகம் மாறும். அதன் காரம் நமக்குப் பழக்கமானதுதான், ஆனால் குழம்பின் ருசியை அடித்துவிடும்.

ஸ்டேஷனிலேயே சிகுஷி வாசல் பக்கம் டெய்தோஸ் என்ற கடைத்தொகுதியின் இரண்டாம் மாடியில் ராமென் கடைகளாகவே ஒரு தெரு இருக்கிறது. 12 மணிக்குப் போனால் வரிசையில் நிற்கணும். 3 மணிக்குப் போனால் உட்கார்ந்த உடனே கிடைக்கும்.

குடல் குழம்பு பிடிக்குமானால் ராத்திரி மொத்சுநாபே. மாட்டுக் குடலை முட்டைக்கோஸ், பூண்டு, நிரா என்ற பூண்டுத்தாள் கீரையோடு கொதிக்கவிட்டு மேசையிலேயே கொண்டுவந்து வைப்பார்கள். முட்டைக்கோஸ் முதலில் மலையாகக் குவிந்திருக்கும், பத்து நிமிஷத்தில் அடங்கிவிடும். தீர்ந்ததும் மிச்சக் குழம்பில் தடித்த சம்பொன் நூடுல்ஸ் போட்டு முடிப்பார்கள். நம்ம ஊர் போட்டி வறுவல் சாப்பிட்டு வளர்ந்தவனுக்கு ஒரு தயக்கமும் வராது.

தோசைக்கல் எழுதியது:

எல்லோரும் பன்றியும் குடலுமாகவே பேசினால் ரவியின் மனைவி என்ன செய்வார்? நான் சைவம். ஹகாதா பக்கம் இருந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

முதல் விஷயம், ராமென் கடையில் போய் "இறைச்சி வேண்டாம்" என்று கேட்பதில் பிரயோஜனம் இல்லை. மேலே வைக்கும் துண்டை எடுத்துவிடுவார்கள், குழம்பே எலும்புதான். உதோன், சோபா கடையிலும் குழம்பு மீன் கருவாட்டுச் சாறு. காய்கறி டெம்புரா (மாவில் தோய்த்துப் பொரித்தது) கேட்டால் தருவார்கள், தொட்டுக்கொள்ளும் சாறிலும் அதே மீன். வெறும் உப்பு கேட்டு வாங்குங்கள். "நிகு மோ சகானா மோ தாஷி மோ தபேமசென்" என்று ஒரு தாளில் ஜப்பானிய எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு காட்டுங்கள். இறைச்சி, மீன், அந்தச் சாறு மூன்றும் சாப்பிடுவதில்லை என்று அர்த்தம். மூன்றாவதைச் சொல்லாவிட்டால் முதல் இரண்டும் வீண்.

சரி, என்ன கிடைக்கும்? ஸ்டேஷனுக்குள் நடக்கும்போது வெண்ணெய் வாசனை மூக்கைப் பிடித்து இழுக்கும். மிக்னான் என்ற சின்னக் கடை, குட்டி குவாசான்களை எடைபோட்டுத் தருவார்கள். எப்போதும் வரிசை, ஆனால் வேகமாக நகரும். சாதா, சாக்லேட், சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்று கலந்து வாங்கலாம். சூடாக இருக்கும்போதே சாப்பிட்டுவிடுங்கள், ஹோட்டலுக்குக் கொண்டுபோய் ஆறவிட்டால் பாதி ருசி போய்விடும்.

வார இறுதி அல்லது விடுமுறை நாளாக இருந்தால் கவாபாதா கடைத்தெருவில் ஸென்ஸாய். சிவப்புப் பயறைச் சர்க்கரையில் குழைய வேகவைத்து, மேலே சுட்ட மோச்சி என்ற அரிசிப் பண்டம். நல்ல தித்திப்பு, ஒரு கிண்ணத்தை இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளலாம். ஸ்டேஷனில் ஹான்க்யு கடையின் அடித்தளத்தில் பழம், ரொட்டி, சாலட் எல்லாம் தனித்தனி டப்பாவில். நீங்கள் போவது மே மாதம், அமாவோ ஸ்ட்ராபெரி முடிகிற நேரம். கிடைத்தால் விடாதீர்கள், குளிர்காலத்தில் வருபவர்களுக்கு அது பெரிய அதிர்ஷ்டம். ராத்திரிக்கு ஸ்டேஷனைச் சுற்றி இந்திய, நேபாளக் கடைகள் இருக்கின்றன, பருப்பும் நானும் உறுதி. ஜப்பானுக்கு வந்து நானா என்று கேட்பவர்கள் என் இடத்தில் நாலு நாள் இருந்து பாருங்கள்.

கொத்து பரோட்டா எழுதியது:

தோசைக்கல் அக்கா சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஹகாதா உதோனை விட்டுவிட்டுப் போகலாமா ரவி சார்? நீங்களும் பையனுமாவது பஸ் நிலையத்தின் அடித்தளத்தில் இருக்கும் மாகினோ உதோனுக்குப் போங்கள். இந்த ஊர் உதோன் மெத்தென்று இருக்கும், பல்லுக்கு வேலையே இல்லை. அதிலும் அங்கே நூடுல்ஸ் குழம்பைக் குடித்துக்கொண்டே ஊதும். சாப்பிடச் சாப்பிடக் கிண்ணம் குறையாது. அதற்காகவே தனியாக ஒரு கெண்டியில் குழம்பு வைத்துவிடுவார்கள், ஊற்றிக்கொண்டே போக வேண்டியதுதான். மேலே கோபோ என்ற நீள வேரைச் சீவிப் பொரித்துப் போடுவார்கள். அதுதான் இந்த ஊர் அடையாளம்.

மயிலை மாமி எழுதியது:

எனக்கு என்னவோ தஸாய்ஃபுதான் சரி என்று படுகிறது. வாழ்க்கையில் ஒரு முறை போகிறார்கள். மூன்று சின்னக் கோயிலும் ஒரு கடைத்தெருவும் பார்த்துவிட்டு வருவதற்கா? தஸாய்ஃபுவில் சுகவாரா நோ மிச்சிஸானே என்ற அறிஞரைக் கல்விக் கடவுளாகக் கும்பிடுகிறார்கள். பொய்ப் பழி சுமத்தி இங்கே அனுப்பினார்கள், 903இல் இங்கேயே இறந்தார். அப்புறம் தலைநகரில் இடி, நோய், சாவு என்று வரிசையாக வரவும், பயந்துபோய்க் கடவுளாக்கிவிட்டார்கள். பரீட்சை நேரத்தில் மாணவர்கள் கூட்டம் தாங்காது. பள்ளிக்கூடப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இதைத் தவறவிடலாமா?

சாப்பாட்டுக்கும் அங்கே உமேகாயே மோச்சி இருக்கிறது. அரிசி மாவு, உள்ளே பயறுப் பூரணம், இரும்பு அச்சில் வைத்து இரண்டு பக்கமும் சுட்டுக் கையில் தருவார்கள். சுத்த சைவம். மேல்தோல் மொறுமொறுவென்று, உள்ளே நாக்கைச் சுடும் பூரணம். மாதம் 25ஆம் தேதி போனால் பச்சைக் கீரை கலந்த மாவில் செய்வார்கள், அது மிச்சிஸானேயின் நாள். ஸ்டேஷன் பக்கத்து பஸ் நிலையத்திலிருந்து நேரடி பஸ், 40 நிமிஷம்தான்.

கியூஷுக்காரன் எழுதியது:

மாமி, தஸாய்ஃபுவை நான் குறைத்துச் சொல்லவே இல்லை. முழு நாள் இருந்தால் நானே அனுப்புவேன். இவர்கள் 1 மணிக்கு இறங்குகிறார்கள். ஹோட்டலில் பெட்டியை வைத்து, சாப்பிட்டு, பஸ் பிடித்துப் போய்ச் சேர 3 மணி தாண்டும். அங்கே கோயிலுக்குப் போகும் தெருவில் கடைகள் 5 மணி வாக்கில் கதவைச் சாத்த ஆரம்பித்துவிடும். ஓடிப் போய், படம் எடுத்து, திரும்பி வருகிற நேரத்துக்குப் பையன் தூங்கிவிடுவான். நான் சொல்லும் வழியில் கால் வலித்தால் எந்த இடத்திலும் நிறுத்திக்கொள்ளலாம், பத்து நிமிஷத்தில் ஹோட்டல்.

அப்புறம் குஷிதாவைச் "சின்னக் கோயில்" என்று தள்ளிவிட்டீர்கள், அதற்குப் பதில் சொல்லாமல் விட முடியாது. அங்கே யமகாசா திருவிழாவின் அலங்காரத் தேர் ஒன்று ஏறக்குறைய வருஷம் முழுக்க நிற்கும். பத்து மீட்டருக்கு மேல் உயரம், மூன்று மாடி வீடு அளவுக்கு. ஒரு பக்கம் சாமுராய்ச் சண்டை, மறுபக்கம் இன்னொரு கதை, நடுவில் அலை, பாறை, கோபுரம் என்று ஒரு அங்குலம் விடாமல் பொம்மைகள். கிட்டே போய்ப் பாருங்கள், ஒவ்வொரு முகத்துக்கும் தனிக் கோபம், தனிப் பயம். ஹகாதா பொம்மைக் கலைஞர்களின் வேலை அது. 2016இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்த ஜப்பானியத் தேர்த் திருவிழாக்கள் 33இல் இதுவும் ஒன்று.

முன்னே சொன்ன ஜோதென்ஜித் துறவி என்னி இருக்கிறாரே, 1241இல் ஊரில் கொள்ளை நோய் வந்தபோது அவரை ஒரு பலகை மேடையில் ஏற்றித் தோளில் தூக்கிக்கொண்டு போனார்களாம். அவர் தெருத்தெருவாகத் தீர்த்தம் தெளித்தாராம். அதுதான் திருவிழாவின் ஆரம்பம் என்பது பரவலாகச் சொல்லும் கதை. ஜோதென்ஜியில் தொடங்கி குஷிதாவில் முடித்தால் இந்தக் கதையின் இரண்டு முனையையும் பார்த்த மாதிரி. அதற்காகத்தான் அந்த வரிசையில் நடக்கச் சொன்னேன்.

சிவில் சிதம்பரம் எழுதியது:

யாராவது அந்தப் பள்ளத்தைச் சொல்வார்கள் என்று காத்திருந்தேன். ஹகாதா வாசலுக்கு எதிரே போகும் சாலையில் 2016 நவம்பர் 8 அதிகாலை 30 மீட்டர் அகலம், 15 மீட்டர் ஆழத்துக்கு நடுரோடு உள்ளே போய்விட்டது. கீழே நானகுமா மெட்ரோ தடத்துக்குச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் ஒழுகுவதைக் கண்டதும் ஆட்கள் வெளியேறி, மேலே போக்குவரத்தையும் நிறுத்தியதால் உயிர்ச்சேதம் இல்லை.

நவம்பர் 15 காலையில் அதே சாலையில் வண்டி ஓடியது. ஒரே வாரம். பள்ளத்தில் கழிவுநீரும் நிலத்தடி நீரும் நின்றதால் வெறும் மண்ணைக் கொட்ட முடியாது. தண்ணீருக்குள்ளேயே இறுகும் சிமெண்ட் கலந்த மண்குழம்பை இரவு பகலாக ஊற்றினார்கள். அந்த மெட்ரோ தடம் 2023 மார்ச் 27இல்தான் ஹகாதா வரை வந்து சேர்ந்தது. இப்போது அங்கே போனால் அடையாளமே தெரியாது, ஆனாலும் ஒரு நிமிஷம் நின்று பார்ப்பேன். எங்கள் தெருவில் குடிநீர்க் குழாய்க்குத் தோண்டிய பள்ளம் எத்தனை மாதமாகக் கிடக்கிறது என்று கேட்காதீர்கள்.

மடிப்பாக்கம் ரவி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மனைவியும் படித்துவிட்டார், நடைதான் என்று முடிவாகிவிட்டது. மாமி மன்னிக்கணும், தஸாய்ஃபு அடுத்த முறை. கடைசியாக ஒன்று: ஆற்றங்கரைத் தெருக்கடைகளுக்குக் குழந்தையோடு போகலாமா? சுற்றுலாக்காரர்களை மொட்டையடிக்கிற இடம் என்று ஒருவர் பயமுறுத்துகிறார்.

கொத்து பரோட்டா எழுதியது:

போகலாம், ஆனால் 6.30க்குள் போய்விடுங்கள். யதாய் என்பது தினமும் சாயங்காலம் இழுத்துவந்து நிறுத்தி, பலகை, கூரை, திரை எல்லாம் கட்டி, விடிவதற்குள் கழற்றிக்கொண்டு போகிற கடை. நடைபாதையிலேயே தண்ணீர்க் குழாய்க்கும் சாக்கடைக்கும் மூடி போட்ட துளைகள் இருக்கும், பகலில் போனால் அவற்றை மட்டும் பார்க்கலாம். எட்டு, பத்துப் பேர்தான் உட்கார முடியும். தோளோடு தோள் இடிக்கும். பெரிய பையோடு போகாதீர்கள், கழிவறை கிடையாது, ஆளுக்கு ஒரு பண்டமாவது வாங்க வேண்டும், சாப்பிட்டதும் எழுந்து இடம் விட வேண்டும். பச்சை மீன் விற்கக் கூடாது என்பது விதி, அதனால் எல்லாமே அடுப்பிலிருந்து நேராக வரும்.

மொட்டை விஷயம்: விலைப் பலகை வெளியே தெரிகிற கடையில் உட்காருங்கள், பிரச்சினை முடிந்தது. நகாசு ஆற்றங்கரை வரிசை படத்துக்கு அழகு, கூட்டமும் அங்கேதான். தென்ஜின் பக்கத்துக் கடைகளில் உள்ளூர் ஆட்கள் அதிகம் என்பது என் எண்ணம், அங்கே உட்கார்ந்தால் பக்கத்து ஆள் தானாகப் பேச ஆரம்பிப்பார்.

தோசைக்கல் எழுதியது:

மனைவிக்கு அங்கே ஒன்றும் கிடைக்காது என்று நினைக்காதீர்கள். முட்டை பரவாயில்லை என்றால் சில கடைகளில் முட்டைப் பொரியலோ வதக்கிய காளானோ கேட்டுப் பார்க்கலாம். தாளை முதலில் காட்டுங்கள். ஆனால் மெந்தாய்கோ சுருட்டிய முட்டையைக் கொடுத்துவிடுவார்கள், அது மீன் முட்டை, சிவப்பாக நடுவில் தெரியும்.

கியூஷுக்காரன் எழுதியது:

மெந்தாய்கோ பேச்சு வந்துவிட்டதால்: கொரிய நாட்டு மிளகாய் மீன்முட்டையை இந்த ஊர் ருசிக்கு மாற்றி 1949இல் நகாசுவில் விற்க ஆரம்பித்தவர் ஃபுகுயா கடையை நிறுவிய கவஹாரா தோஷியோ. பூசானில் பிறந்து வளர்ந்தவர். செய்முறைக்குக் காப்புரிமை வாங்கவில்லை, கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தார். அதனால்தான் இன்று ஸ்டேஷன் கீழ்த்தளத்தில் இத்தனை பெயரில் டப்பாக்கள். ரவி சார், குளிர்ப் பெட்டியில் வைக்க வேண்டியது, விமானத்தில் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் விடுங்கள். காய்ந்த மென்பே அப்பளம் வாங்கிக்கொள்ளுங்கள், உடையாமல் வரும்.

காலையில் அவசரப்படாதீர்கள். மெட்ரோவில் விமான நிலையம் இரண்டாவது நிறுத்தம், ஐந்து நிமிஷம். ஆனால் அது உள்நாட்டு முனையம். பன்னாட்டு முனையத்துக்கு அங்கிருந்து இலவச பஸ் ஏறணும், அந்த நேரத்தையும் கணக்கில் வையுங்கள்.

புதுமுகம் எழுதியது:

இழையைக் கிளறுவதற்கு மன்னிக்கவும். நான் ஜூலை 14, 15 ஹகாதாவில் இருக்கிறேன். யமகாசா ஓட்டம் பார்க்க டிக்கெட் எங்கே கிடைக்கும்?

கியூஷுக்காரன் எழுதியது:

குஷிதா வளாகத்து இருக்கை ஜூன் கடைசியில் விற்பனைக்கு வந்த உடனே தீர்ந்துவிடும், அதை மறந்துவிடுங்கள். தெருவில் நின்று பார்க்கக் காசில்லை. 15ஆம் தேதி அதிகாலை 4.59க்கு முதல் தேர் கிளம்பும். 5 மணி இல்லை, 4.59. முதல் தேருக்கு மட்டும் கோயிலுக்குள் நின்று வாழ்த்துப் பாட்டுப் பாடும் உரிமை உண்டு, அந்த ஒரு நிமிஷத்துக்காக முன்கூட்டியே விடுகிறார்கள். ஒரு டன் எடையைத் தோளில் வைத்து ஐந்து கிலோமீட்டர் ஓடுவார்கள். தோச்சோஜி முன்னால் திரும்புகிற இடத்தில் நிற்க வேண்டுமானால் 3 மணிக்கே போய்விடுங்கள்.

அந்த மாதம் திருவிழாக்காரர்கள் வெள்ளரிக்காய் தொடமாட்டார்கள். குறுக்கே வெட்டினால் குஷிதா கோயில் முத்திரை மாதிரி இருக்குமாம். உங்களுக்குத் தடையில்லை, ஆனால் தோள்துண்டு கட்டிய ஆள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஆர்டர் செய்யாதீர்கள். ஓட்டத்தில் இரண்டு பக்கமும் வாளி வாளியாகத் தண்ணீரை வீசுவார்கள், முன்வரிசையில் நின்றால் போனுக்கு உறை போட்டுக்கொள்ளுங்கள்.